கனமான பெட்டி பேராசிரியருக்குப் போனது

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் அன்புடன் எழுதிக்கொள்வது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீங்கள் வெளியூர்க் கல்லூரிக்குப் போன இந்த நாலு மாதத்தில் உங்கள் மனைவி கொஞ்சம் இளைத்திருக்கிறாள், மற்றபடி குறையில்லை. தாங்களும் அங்கே நலமாகவே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அந்த நலம் கெடாமல் இருக்க, இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு நான் பதிப்பகத்தில் பார்சல் மேசையைப் பார்த்துக்கொள்வது தாங்கள் அறிந்ததே. முப்பத்தொரு வருடம் தபால் பிரிவில் இருந்தவன். ஒரு உறைகூட இடம் மாறிப் போனதில்லை. எங்கள் பதிப்பகத்தில் இரண்டே வகைப் புத்தகம்தான்: ஒன்று குழந்தைகளுக்கான படக்கதை, இன்னொன்று இலக்கியமும் அரசியலும் பற்றிய ஆய்வு. நடுவில் எதுவும் கிடையாது. எது வந்தாலும் முதலாளியம்மா எழுதியவர் பெயரை எடுத்துவிட்டுத்தான் கருத்துக்கு அனுப்புவார். படக்கதை என்றால் ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒருவருக்கு. அவர் பிள்ளைகளுக்குப் படித்துக்காட்டி அவர்கள் சொன்னதை எழுதி அனுப்புவார். ஆய்வு என்றால் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவருக்கு. இந்தத் தடவை வந்த இரண்டும் நம் வீட்டுச் சரக்கு. நீங்கள் பதினோரு வருடம் உட்கார்ந்து எழுதிய 'நாற்காலியும் எழுத்தாணியும்'. என் மகள் முதல்முறையாக வரைந்த 'எழுந்திரிக்காத எருமை'. உங்கள் புத்தகம் வந்தால்தான் துறைத் தலைவர் பதவி என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தேன். வினையே அங்கேதான் ஆரம்பம்.

சொந்தக்காரங்களுக்குச் சலுகை காட்டினான்னு நாலு பேர் பேசிடக் கூடாது பாருங்க, அதனால பக்கத்து மேசைப் பொண்ணுகிட்ட, "நீயே ரெண்டையும் ஒரே அளவுப் பெட்டியில போட்டு ஒட்டிடும்மா, நான் பார்க்கவே மாட்டேன்"னு சொல்லிட்டு சுவர்ப் பக்கமா திரும்பி நின்னுட்டேன். பார்த்திருந்தா என்ன பெரிய சலுகை காட்டியிருப்பேன்னு கேட்காதீங்க, அப்போ தோணலை. அவ ஒட்டிட்டு சாப்பிடப் போயிட்டா. திரும்பிப் பார்த்தா மேசை மேல அச்சு அசலா ஒரே மாதிரி ரெண்டு பெட்டி. எதுல எதுன்னு அவகிட்ட கேட்கலாம், ஆனா கேட்டா எனக்குத் தெரிஞ்சுடுமே! சரின்னு ரெண்டையும் தூக்கிப் பார்த்தேன். ஆராய்ச்சின்னா கனமா இருக்கும், எருமைக் கதை லேசா இருக்கும், இதுல என்ன சந்தேகம்? கனமான பெட்டி பேராசிரியருக்கு, லேசான பெட்டி டீச்சருக்கு. விலாசம் ஒட்டினேன், அனுப்பினேன், நிம்மதியா டீ குடிச்சேன். நீங்க மெல்லிசுத் தாள்ல ரெண்டு பக்கமும் அச்சடிச்சிருந்தீங்கன்னும், என் மக இருபத்துநாலு படத்தையும் தடி அட்டையில ஒட்டியிருந்தான்னும் எனக்கு யார் சொன்னாங்க?

அந்த டீச்சர் ரொம்பக் கடமை தவறாத மனுஷி. வந்ததைப் படிச்சுக் காட்டணும்னா படிச்சுக் காட்டணும். உங்க முதல் வாக்கியம் ஒன்றரைப் பக்கம் போகுதாம் மாப்பிள்ளை. பிள்ளைங்க எல்லாம் டீச்சர் எப்போ மூச்சு விடுவாங்கன்னு விரல் விட்டு எண்ண ஆரம்பிச்சுட்டாங்களாம். "என்பதாகக் கொள்ளப்படுகிறது"ன்னு வர்ற இடத்துல எல்லாம் ஒரே சிரிப்பு. இப்போ அந்தப் பள்ளிக்கூடத்துல ஓடிப்பிடிச்சு விளையாடும்போது யார் பிடிபட்டாலும் "கொள்ளப்படுகிறது"ன்னுதான் கத்துறாங்களாம். ஒரு சின்னப் பொண்ணு மட்டும் எழுந்து, "யார் டீச்சர் அப்படிக் கொள்றாங்க?"ன்னு கேட்டிருக்கு. டீச்சர் அதையும் அப்படியே கருத்துல எழுதி அனுப்பியிருக்காங்க.

ஆனா ஒரு இடத்துல வகுப்பே கப்சிப்னு ஆயிடுச்சாம். இருநூற்றுப் பன்னிரண்டாவது அடிக்குறிப்பு. ராஜாவைப் புகழ்ந்து பாட மாட்டேன்னு சொல்லிட்டு, அரண்மனைச் சமையலறையில தட்டு கழுவப் போன கவிஞரைப் பத்தி நாலே நாலு வரி. "அப்புறம் அவர் என்ன ஆனார்?"னு மணியடிச்ச பிறகும் பிள்ளைங்க வீட்டுக்குக் கிளம்பலையாம். டீச்சர் முந்நூற்று எண்பது பக்கமும் புரட்டித் தேடியிருக்காங்க. இல்லை.

அந்தப் பக்கம் பேராசிரியர் எருமையைப் படிச்சிட்டு ஒன்பது பக்கம் எழுதியிருக்கார். நடுரோட்டில் படுத்திருக்கும் எருமை அசைய மறுக்கும் ஆட்சியின் உருவகமாம். ஏழாம் படத்தில் மழையே இல்லாமல் ஒருத்தர் குடை பிடித்து நிற்பது மௌனத்தின் அரசியலாம். அது நான் டீயைக் கொட்டின இடம் மாப்பிள்ளை! கறையை மறைக்க என் மக குடை வரைஞ்சா. கடைசியில, சமீப காலத்தில் இவ்வளவு துணிச்சலான ஆய்வு வந்ததில்லை, வண்ணத்தை மட்டும் எடுத்துவிட்டு அறுபது பக்க முன்னுரை சேர்க்கலாம்னு சிபாரிசு.

எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. முதலாளியம்மாகிட்டப் போய் உண்மையைச் சொல்லி அழாத குறையா நின்னேன். அவங்க விழுந்து விழுந்து சிரிச்சுட்டு, எருமையை வண்ணத்தோடவே போடறேன்னு சொல்லிட்டாங்க. உங்க புத்தகத்துக்கு மட்டும் ஒரு நிபந்தனை: அந்த அடிக்குறிப்புக் கவிஞரை மையமா வச்சுத் திருப்பி எழுதித் தந்தா இந்த வருஷமே வருமாம், இல்லைன்னா பெட்டி திரும்பி வருமாம். மாப்பிள்ளை, எனக்கு இலக்கியமும் தெரியாது அரசியலும் தெரியாது. ஆனா நாற்பது பிள்ளைங்களை வீட்டுக்குப் போக விடாம உட்கார வச்ச நாலு வரி உங்க கையிலிருந்து வந்திருக்குன்னா, மத்ததை எல்லாம் தூக்கிப் போட்டா என்ன குறைஞ்சுடும்? கோபப்படாம சரின்னு ஒரு வரி எழுதுங்க. உங்க புத்தகம் வரணும்ங்கறது என் ஆசையும்தான். நான் பெட்டியை மாத்தின கதை என் மகளுக்குத் தெரிய வேண்டாம்.

மற்றவை நேரில். உங்கள் மாமியார் விஷயம் தெரிந்ததிலிருந்து என்னோடு பேசுவதில்லை. இருந்தாலும் உங்களுக்குத் தன் ஆசியைத் தெரிவிக்கும்படி சாடையில் சொன்னார். எல்லா நலனும் பெற்று, துறைத் தலைவராகி, நீடூழி வாழ வேண்டுமென்று வாழ்த்தும்,

தங்கள் அன்பு மாமனார்

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும் நேரத்தில் மகள் வந்து கடிதத்தைப் பிடுங்கி முழுக்கப் படித்துவிட்டாள். பெட்டி விஷயத்துக்குக் கோபமே இல்லை. ஆனால் அந்தக் கவிஞர் விஷயத்தில் ஒரு சின்னச் சிக்கல் மாப்பிள்ளை. அப்படி ஒரு கவிஞரே கிடையாதாம். உங்கள் கையெழுத்துப் பிரதியை அவள் தட்டச்சு செய்தபோது, நீங்கள் பார்த்துச் சிரிப்பீர்கள் என்று தானாக எழுதிச் சேர்த்த அடிக்குறிப்பாம் அது. நீங்கள் சிரிப்பீர்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தாளாம். நீங்கள் திருப்பிப் பார்க்காமலே அனுப்பிவிட்டீர்களாம். ஆகவே மேலே நான் சொன்ன யோசனை எதையும் செய்ய வேண்டாம். அந்தக் கவிஞர் அப்புறம் என்ன ஆனார் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், எனக்குச் சொல்ல மாட்டாளாம். நீங்கள் கேட்டால் சொல்வாளாம்.