கோசோங் அண்ணே

ஒன்றுமில்லாததை உருவாக்க ஆறு மணி நேரம் எடுத்துக்கொண்ட மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவருக்குப் பிரிக்ஃபீல்ட்ஸில் கோசோங் அண்ணே என்று பெயர். பால் இல்லாத தேநீரான தே ஓ குடித்தாலும் கோசோங்தான், சர்க்கரை ஆகாது. எங்கள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குப் புது ஹார்ட் டிஸ்க் வந்தால், காப்பார் ஊரிலிருந்து மோட்டாரில் வந்து, அதைத் துடைத்துத் தயார் செய்து, காலி என்பதற்கு அடையாளமாக மலாய் மொழியில் 'கோசோங்' என்று லேபிள் ஒட்டுவார்.

"குயிக் ஃபார்மட் போதும்லா அண்ணே" என்பேன்.

"வாசல மட்டும் பாத்துட்டு வாடகை வீட்டுக்குக் குடி போவியா? மூலை முடுக்கெல்லாம் பாக்கணும் தம்பி."

பார்த்து முடித்ததும், டிஸ்க் இடையில் உறங்கிவிடாதபடி கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்குக்கான அமைப்புகளையெல்லாம் மாற்றி வைப்பார். "பாட்டு நடக்கும்போது அது கண்ணசந்தா போச்சு." கடைசிச் சோதனையாக, மைக்கைத் திறந்து வைத்து வெறும் அறையை ஒரு மணி நேரம் பதிவு செய்வார். உள்ளே காவலுக்கு அவர் மட்டும், நாங்கள் வெளியே. ஒருமுறை கீழே பூக்கடை ஆன்டியிடம் போய், மாலையைக் கொஞ்சம் மெதுவாகக் கட்டச் சொன்னார்.

"மல்லிப்பூ கத்துதா அங்கிள்?" என்றார் ஆன்டி. அதன் பிறகு ஒரு வாரம் அவரிடம் கிசுகிசுப்பாகவே பேசினார்.

அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பிடிக்கும். மழைக்கு முந்தைய மதியம், மோனோரயில் எங்கோ மெல்ல இழுபட்டுப் போகும், மல்லிகை வாசம் படியேறி வரும். படிக்கட்டில் சாய்ந்தபடி, நான் விழித்திருக்கிறேனா என்றே தெரியாமல் மிதந்துகொண்டிருப்பேன்.

சரசு அக்கா போர்ட் கிள்ளானில் கிடங்கு வேலை பார்ப்பவர். கோயில் திருவிழாவுக்காகத் தானே எழுதிய முதல் பாட்டைப் பாட, கெஞ்சிக் கூத்தாடி ஒரே ஒரு நாள் விடுப்பு வாங்கி வந்திருந்தார். அன்று பார்த்து அண்ணேவுக்குக் காய்ச்சல். நானே புது டிஸ்க்கை இரண்டு நிமிடத்தில் ஃபார்மட் செய்து மாட்டினேன். பாட்டு அருமையாக அமைந்தது. தண்ணீர் குடித்துவிட்டுத் திரும்பினால், டிஸ்க் உறங்கிப்போய் எழவே இல்லை. பாடியதெல்லாம் அதோடு போயிற்று.

"நாளைக்கு லீவு இல்ல தம்பி" என்றார் அக்கா. அழுததில் தொண்டை அடைத்து, பாடக் குரலே வரவில்லை.

போன் செய்தேன். காய்ச்சலோடு மழையில் நனைந்து வந்து சேர்ந்தார் அண்ணே. மழைக்கோட்டுக்குள்ளிருந்து பிளாஸ்டிக் பையில் சுற்றிய டிஸ்க் ஒன்றை எடுத்தார். எப்போதோ எங்கள் கூடத்தில் தயார் செய்து, அவசரத்துக்கென்று வீட்டில் வைத்திருந்தது. என்னைத் திட்டவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை.

மாட்டினால், 'கோசோங்' லேபிள் ஒட்டிய அந்த டிஸ்க்கில் ஒரு பதிவு கிடந்தது. ஒலிக்கவிட்டேன். நிசப்தம், தூரத்து மோனோரயில், அப்புறம் நிம்மதியான நீண்ட குறட்டை. டிஸ்க் கண்ணசரக் கூடாதென்று காவல் இருந்தவர் தானே அசந்திருக்கிறார்.

"டெஸ்ட் பண்ணது. அழிச்சிடு லா" என்றார் அண்ணே, சுவரைப் பார்த்தபடி.

சரசு அக்கா சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். அந்தச் சிரிப்பில் அடைத்திருந்த தொண்டை திறந்துகொண்டது. ஒரே மூச்சில் பாடி முடித்தார்.

அண்ணே இப்போது ஈப்போவில் மகளோடு இருக்கிறார். அவர் இல்லாத கூடம் எனக்கு ரொம்பச் சத்தமாகத் தெரிகிறது. அந்த டிஸ்க் என் மேசையிலேயே இருக்கிறது, பாட்டுக்குப் பக்கத்தில் குறட்டையோடு.

"கோசோங்னு போட்டிருக்கே பாஸ், இத எடுத்துக்கலாமா?" என்று வருகிறவர்கள் கேட்பார்கள்.

"அதுல இடமில்ல லா" என்பேன்.