வெண்கல உருளிக்கு நேர்ந்த அவமானம்

கரமனை,
திருவனந்தபுரம்.
செவ்வாய்க்கிழமை.

கிறிஸ்துவுக்குள் பிரியமான தங்கை ஜெபமலருக்கு, அக்காள் ரத்னாபாய் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் அத்தானும் இங்கே உயிரோடும் ஓரளவு சுகத்தோடும் இருக்கிறோம். உன் சுகத்துக்காகவும், உன் வீட்டுக்காரருடைய முழங்காலுக்காகவும், பிள்ளைகளுடைய பரீட்சைக்காகவும் அந்த வரிசையிலேயே தினமும் ஜெபிக்கிறேன்.

கையில் ஃபோன் இருக்கும்போது இவள் ஏன் பழைய காலம் மாதிரி காகிதமும் பேனாவும் எடுத்தாள் என்று நீ யோசிப்பாய். எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக் கௌசல்யாவின் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு சுவர், அதுவும் ஒற்றைச் செங்கல் சுவர், இங்கே நான் தும்மினால் அங்கே அவள் 'மெதுவாக்கா' என்பாள். சொல்லப்போகும் விஷயமோ முழுக்க அவளைப் பற்றியது. ஆகவே இதை வாசித்து முடித்ததும் கிழித்துப் போட்டுவிடு. அவள் எப்போதாவது நாகர்கோவில் பக்கம் வந்து உன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் திறக்காதே.

இங்கே நகர மியூசியத்தில் போன மாதம் ஒரு கண்காட்சி வைத்தார்கள். 'நகரத்தின் அடுக்களை' என்று பெயர். ராஜா வாளும் ராணி நகையும் பார்த்துப் பார்த்து ஜனங்களுக்கு அலுத்துவிட்டதாம், அதனால் சாதாரணக் குடும்பங்கள் தங்கள் அடுக்களையிலிருந்து ஒரே ஒரு பொருளைக் கதையோடு கொண்டுவந்து கொடுத்தால், இரண்டு மாதம் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் திருப்பித் தருவார்களாம். இந்த நோட்டீஸை முதலில் பார்த்தது நான். பார்த்ததோடு நிறுத்தியிருக்கலாம். மாலை டீயின்போது கௌசல்யாவிடம் வாசித்தும் காட்டினேன், அவளுக்கு மலையாளம் வாசிக்க வராது பார். அவள் டீயைக் குடித்துவிட்டு, "நம்ம வீட்ல என்னக்கா இருக்கு, அதுக்கெல்லாம்" என்று எழுந்து போனாள். நானும் நம்பினேன்.

நான் எதைக் கொடுத்தேன் என்று உனக்கே தெரிந்திருக்கும். வெண்கல உருளி. சாலைக் கடைத்தெருவில் நாம் இரண்டு பேரும் போய் வாங்கினோமே, வாய் அகன்ற பாத்திரம், கடைக்காரனை நீ பேசிப் பேசிக் களைக்க வைத்தாயே, அதேதான். ஆனால் மியூசியத்தின் தாளில் 'பொருளின் வயது' என்று ஒரு கட்டம் இருந்தது, 'பொருளின் வரலாறு' என்று ஏழு வரி காலியாக இருந்தது. சாலைக் கடைத்தெரு என்று எழுதினால் அரை வரிதான் நிரம்பும். ஆகவே வயது நூறு என்றும், உன் அத்தானுடைய தாத்தா அரண்மனையில் சமையல்காரராக இருந்தபோது மகாராஜா கொடுத்தது என்றும் எழுதினேன். உன் அத்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "எனக்க பாட்டா பனையேறினவரு. அரண்மனைய அவரு பனை உச்சியில இருந்துதான் பாத்திருப்பாரு" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

பிறகு உருளியைத் தேய்க்க உட்கார்ந்தேன். அடியில் கறுப்பு ஏறிப் போயிருந்தது, நாலு பேர் பார்க்கிற இடத்தில் அப்படி வைக்க முடியுமா? புளியும் சாம்பலுமாக இரண்டு நாள் தேய்த்து, கை விரலெல்லாம் வெந்து, முகம் பார்க்கிற மாதிரி ஆக்கி ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். அங்கே பொறுப்பாக இருப்பது ஆதிரா என்று ஒரு பெண், மலையாளத்துக்காரி, தமிழ் பேசக் கொள்ளை ஆசை. உருளியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்துவிட்டாள். "ஐயோ ஆன்ட்டி, எந்தினா இப்படித் தேய்ச்சது? பழக்கமெல்லாம் போயில்லே!" என்றாள். மலையாளத்தில் பழக்கம் என்றால் பழமை, அது போய்விட்டதே என்கிறாள், உனக்கும் தெரியும். கூட வந்த உன் அத்தான் மட்டும், "பழக்கம் ஒண்ணும் போகல மோளே, அவளுக்கு எல்லாம் அப்படியே இருக்கு" என்றார். முப்பத்தைந்து வருஷமாக இந்த ஊரில் இருக்கிற மனுஷன்!

திறப்பு விழா அன்று பச்சைப் பட்டுச் சேலை கட்டிக்கொண்டு போனேன். வாசலில் வீட்டுக் கூரை உயரத்துக்கு ஒரு ஃப்ளெக்ஸ். அதில் யார் படம் என்று நினைக்கிறாய்? கௌசல்யா! எண்ணெய் வைத்த தலையும் பல்லுமாகச் சிரிக்கிறாள். அவள் கையில் ஒரு அலுமினியத் தூக்குவாளி. உள்ளே போனால், கூடத்தின் நட்டநடுவில், தனிக் கண்ணாடிப் பெட்டியில், மேலேயிருந்து மஞ்சள் விளக்கு விழ, அந்த வாளி உட்கார்ந்திருக்கிறது. அவள் வீட்டுக்காரர் வன்னியபெருமாள் கொத்தனார் என்பது உனக்குத் தெரியும். இருபத்தாறு வருஷம் அவருக்கு அவள் அந்த வாளியில்தான் சோறு கொடுத்துவிட்டாளாம், இந்த நகரத்தில் எழும்பிய எத்தனையோ கட்டடத்தை அது பார்த்திருக்கிறதாம், ஒருமுறை மூன்றாவது மாடியிலிருந்து விழுந்து நசுங்கிய பிறகும் வேலைக்குப் போனதாம். இவ்வளவும் பக்கத்தில் அழகாக அச்சடித்து வைத்திருந்தார்கள். ஜனங்கள் அந்த நசுங்கலைப் பார்த்து உச்சுக் கொட்டுகிறார்கள். நம் உருளி எங்கே என்று தேடினேன். கழிப்பறைக்குப் போகும் வழியில், தீயணைக்கும் சிவப்பு சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கும் ஒரு அட்டை உண்டு. 'வெண்கல உருளி. சுமார் நூறு ஆண்டு (உரிமையாளர் கூறுவது).' அந்த அடைப்புக்குறியைப் பார்த்தாயா, ஜெபமலர்? கௌசல்யாவின் வாளிக்கு அடைப்புக்குறி இல்லை. முருங்கைக்காய் சீவும் கத்திக்கு இல்லை. சிரட்டை அகப்பைக்குக்கூட இல்லை. என் ஒருத்தியுடைய பேச்சைத்தான் இரண்டு பக்கமும் வேலி போட்டு அடைத்திருக்கிறார்கள்.

எனக்குப் பொறாமை என்று நீ நினைப்பாய். பொறாமைதான். உன்னிடம் மறைத்து என்ன? அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சுவருக்கு அந்தப்புறம் அவள் ஃபோனில் ஊரையெல்லாம் கூப்பிட்டு, "சும்மா ஒரு வாளிதான் கேட்டாவ" என்று அடக்கமாகப் பேசுவது கேட்டது. அந்த அடக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மறுநாள் முதல் நானும் மியூசியத்துக்குப் போக ஆரம்பித்தேன். வாசல் பக்கம் வருகிறவர்கள் கருத்து எழுத ஒரு தடித்த நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஆறு நாளில் பதினொரு கருத்து எழுதினேன். 'விஜின், வட்டியூர்க்காவு' என்ற பெயரில் உருளியின் வேலைப்பாடு உலகத்தரம் என்று மலையாளத்தில் எழுதினேன். 'தாணுமாலையன், சுசீந்திரம்' என்ற பெயரில், இந்த உருளியைப் பார்க்கவே பஸ் ஏறி வந்தேன், பாதை சிரமமாக இருந்தாலும் பலன் கிடைத்தது என்று எழுதினேன். பச்சை மையில் கொஞ்சம், இடது கையால் கொஞ்சம். கடைசியாக, கர்த்தர் மன்னிக்கட்டும், 'நடுவில் இருக்கும் வாளி எல்லார் வீட்டிலும் இருப்பதுதான், அந்த இடத்தை உருளிக்குக் கொடுப்பது நியாயம்' என்று 'நாச்சியார், ஓய்வுபெற்ற தலைமையாசிரியை' எழுதினாள்.

அதன் பலன் என்னவென்றால் ஆதிரா ஃபோன் செய்தாள். "ஆன்ட்டிடெ உருளிக்கு நல்ல ரெஸ்பான்ஸ். வர்ற ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆன்ட்டி வந்து அதைப் பற்றிப் பேசணும், கேட்டோ" என்றாள். முதலில் எனக்கு வானத்தில் பறக்கிற மாதிரி இருந்தது. பறந்து முடித்து இறங்கியபிறகுதான் என்ன பேசுவது என்று பயம் வந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து நேரே அங்கே போனோம். ஐம்பது நாற்காலி, ஒன்றுகூடக் காலி இல்லை, மூன்றாவது வரிசையில் கௌசல்யா. மைக்கைப் பிடித்து அரண்மனைச் சமையலைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். நன்றாகத்தான் போனது. பால் பாயசம் வரைக்கும் வந்துவிட்டேன். அப்போது முன்வரிசையில் கண்ணாடி போட்ட ஒரு பெரியவர், பாத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கலாமா என்று கேட்டார். ஆதிரா வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு பிள்ளையைத் திருப்புகிற மாதிரி உருளியைத் திருப்பினாள். அடியில் பளபளவென்று எழுத்து! 'ரத்னாபாய், 14-5-96.' பாத்திரக் கடையில் பெயர் வெட்டச் சொன்னது நீதான், ஜெபமலர், நினைவிருக்கிறதா? இத்தனை வருஷம் கரிக்குள் மூடிக் கிடந்த பெயரை நானே புளி போட்டுத் தேய்த்து வெளியே கொண்டுவந்திருக்கிறேன். இரண்டு நாள் தேய்த்தவள் அதைப் பார்க்கவில்லை, பளபளப்பில் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பெரியவர் யோசித்தார். "96 என்றால் 1896 ஆயிரிக்கும், அல்லே?" என்றார். நான் உடனே "ஆமாம்" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்து, "அப்போ ரத்னாபாய்னு சொல்றது…" என்று இழுத்தார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். உன் அத்தான் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிராவின் முகம் சிவந்தது. அந்தப் பிள்ளைக்கும் என்னால் வேலையில் தலைகுனிவு வரப்போகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு ஓடிவிடலாம் என்றால் வாசல் ஐம்பது நாற்காலிக்கு அந்தப்புறம்.

அப்போது கௌசல்யா எழுந்தாள். முடிந்தது, இவளுக்கு என் வீட்டுச் சங்கதி எல்லாம் தெரியும், சாலைக் கடைத்தெரு வரைக்கும் சொல்லிவிடுவாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அவள் மைக் வாங்கவில்லை. சித்தாள் வேலை செய்த தொண்டை, அதற்கு மைக் எதற்கு?

"நான் தமிழ்ல பேசுதேன், தப்பா நெனைக்காதீய. அக்கா கூச்சத்துல என்னத்தையோ சொல்லுதாவ. இது மகாராஜா குடுத்ததுமில்ல, ஒண்ணுமில்ல. கொரோனா சமயத்துல எங்க வீட்டுக்குப் பின்னால பாதி கட்டுன பில்டிங்ல பதினேழு பேரு மாட்டிக்கிட்டாவ. எல்லாம் தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்துப் பயலுவ. வேல இல்ல, ஊருக்குப் போக பஸ்ஸு இல்ல. அக்கா இந்த உருளியிலதான் கஞ்சி வச்சாவ. நாப்பத்தோரு நாளு. கேஸு காணாம விறகு வச்சு எரிச்சாவ. அடி கறுத்துப் போச்சு. நூறு வருசமெல்லாம் எதுக்கு? அந்தக் கரிதான் இதோட வயசு. அத உங்க முன்னால அழுக்கா வைக்க வெக்கப்பட்டுத் தேச்சுப்புட்டாவ, அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு கைதட்டினார்கள் பார், அப்படி ஒரு கைதட்டலை நான் கேட்டதில்லை. யாரைப் பார்த்துத் தட்டினார்கள்? அவளைப் பார்த்து! என் உருளி, என் விறகு, என் கஞ்சி, ஆனால் கைதட்டல் அவளுக்கு. எனக்கே மறந்துபோயிருந்த கதை அது. நான் ஏழு வரிக்கு மகாராஜாவைத் தேடிப் போனேன், இவள் அதைச் சும்மா கையில் வைத்திருந்திருக்கிறாள்.

இன்னொன்று. அந்த நாற்பத்தோரு நாளும் பயறு அவித்ததும், துவையல் அரைத்ததும், மதிலுக்கு மேலே எக்கி எக்கிப் பதினேழு பேருக்கும் எடுத்துக் கொடுத்ததும் அவள். அதை அவள் சொல்லவில்லை. மைக் என் கையில்தான் இருந்தது, நானும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அக்கா, அந்தப் புஸ்தகத்துல தமிழ்ல எழுதியிருக்க எல்லாருக்கும் 'ழ'வுக்கு வாலு உங்கள மாதிரியே நீளமா இருக்கு. அந்த நாச்சியார் டீச்சருக்கும்" என்றாள்.

"நீ எப்ப பாத்த?" என்றேன்.

"போன வியாழக்கெழம."

வியாழக்கிழமையே பார்த்திருக்கிறாள், ஜெபமலர். பார்த்துவிட்டுத்தான் ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றிருக்கிறாள். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வாளியில் முந்தினாள், ஃப்ளெக்ஸில் முந்தினாள், பேச்சில் முந்தினாள், அதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நல்ல குணத்திலும் ஒருத்தி முந்திக்கொண்டு போனால் மனுஷி என்னதான் செய்வது?

நேற்று ஆதிரா உருளியை நடுக்கூடத்துக்கே மாற்றி வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டாள். புது அட்டையில் '1996' என்றும் கஞ்சிக் கதையும் இருக்கிறது. அடைப்புக்குறி இல்லை. 'பயறும் துவையலும் கௌசல்யா' என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னது நான்தான். விளக்கு ஒன்றுதான், இரண்டுக்கும் பொது. நான் நின்று பார்த்தேன், வெளிச்சம் வாளிப் பக்கம்தான் கூடுதலாக விழுகிறது. ஆகவே இனி அவளோடு டீயும் இல்லை, பேச்சும் இல்லை என்று முடிவு செய்துவிட்டேன்.

உன் வீட்டுக்காரர் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் விடாமல் கொடு. பிள்ளைகளுக்கு என் முத்தம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் அண்டை வீட்டுக்காரர்களைச் சாதாரண மனிதர்களாகவே வைத்திருப்பாராக.

அன்புடன்,
அக்காள் ரத்னாபாய்

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது கௌசல்யா டீ எடுத்துக்கொண்டு வந்தாள். யாருக்குக் கடிதம் என்றாள், ஜெபமலருக்கு என்றேன். எதைப் பற்றி என்றாள், உன்னைப் பற்றித்தான் என்றேன். "வாசிங்க, கேப்போம்" என்றாள். வாசித்தேன். அடைப்புக்குறி வந்த இடத்தில் சிரித்துப் புரையேறி டீயைக் கீழே கொட்டினாள், முதல் பக்கத்தில் இருக்கிற கறை அதுதான். வாளி விழுந்தது மூன்றாவது மாடியிலிருந்து இல்லையாம், நான்காவது மாடியாம், திருத்திக்கொள். வியாழக்கிழமை அவள் அக்கா மகளுடைய வளைகாப்புக்கு நாகர்கோவில் வருகிறாள், இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிடுகிறேன். கதவைத் திற. ஃபேனுக்குக் கீழே படுக்கை போட்டுக் கொடு, நெத்திலி என்றால் அவளுக்கு உயிர். நன்றாகப் பேசுவாள், உனக்கும் பிடித்துப் போகும். ஆனால் இரண்டு நாளைக்குமேல் வைத்துக்கொள்ளாதே. அவள் உன்னோடு ஒட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டால் எனக்குப் பொறுக்காது.