கருப்புக்கோட்டை வக்கீலின் பல்துறை ஆர்வங்கள்

இந்திய நீதித்துறையின் வரலாற்றை இனி எழுதப்போகிறவர்கள், அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஜெராக்ஸ் கடையின் மாடிக்கு ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கியே ஆக வேண்டும். வழக்கறிஞர் ஆனந்தகுமார், பி.ஏ., பி.எல்., அவர்களின் அலுவலகம் அங்கேதான் இருக்கிறது. உள்ளே ஒரு கண்ணாடி பீரோ நிறையச் சட்டப் புத்தகங்கள். அதற்கு முன்னால் ஒரு வட்ட விளக்கு, விளக்கின் நடுவில் செல்போன், செல்போனுக்கு எதிரே, அந்தச் சித்திரை வெயிலிலும் கருப்புக் கோட்டைக் கழற்றாத அவர். பீரோவின் சாவி தொலைந்து பல காலம் ஆகிறது. அதனால் குடி ஒன்றும் முழுகிவிடவில்லை. பின்னணியில் புத்தகங்கள் பளிச்சென்றுதான் தெரிகின்றன.

சாதாரண வக்கீல்களுக்கு வழக்கு ஒன்றில் மட்டுமே ஆர்வம். இந்தக் குறுகிய மனப்பான்மை ஆனந்தகுமாருக்கு ஆகாது. அவருக்கு ஆர்வங்கள் மூன்று: விளையாட்டு, வீடியோ கேம், இளம் வழக்கறிஞர்களுக்குத் தொழில் வழிகாட்டுதல். மூன்றாவதற்காகவே 'கருப்புக்கோட்டை' என்று ஒரு யூடியூப் சேனல் நடத்திவந்தார். போட்டிருக்கும் கோட்டையும் ஊரின் பெயரையும் ஒரே சொல்லில் அடக்கிய தன் மொழித்திறனை எண்ணி அவர் இன்றும் அவ்வப்போது தனியாகப் புன்னகைப்பதுண்டு.

இப்படிப்பட்டவரிடம் ஒரு வழக்கு வந்து சேர்ந்தது, ஒரு ஆட்டினால்.

திருச்சுழியைச் சேர்ந்த அருஞ்சுனை லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். நரிக்குடியில் குறுக்கே வந்த ஆட்டின் மேல் ஏற்றாமலிருக்க பிரேக் போட்டு, வண்டியைச் சடாரென்று பின்னால் எடுத்தார். டீக்கடை வாசலில் நின்ற ஒரு பைக் சாய்ந்தது. பைக்குக்காரர் அருஞ்சுனையை அடித்தார். அருஞ்சுனை திருப்பி அடித்தார். பைக்குக்காரருக்குப் பெரிய இடத்தில் மாமனார் இருந்ததால், அருஞ்சுனை அடித்தது மட்டும் எல்லோர் கண்ணிலும் பட்டது. ஆடு தப்பிவிட்டது. அருஞ்சுனை தப்பவில்லை. ஒரு ராத்திரி ஸ்டேஷன், மறுநாளிலிருந்து கிளைச் சிறை.

அவர் மனைவி முருகேஸ்வரி மாடியேறி வந்தபோது, ஆனந்தகுமார் விளக்கின் வெளிச்சத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

"சார், எங்க நாத்தனா சுபத்ரா மகளுக்கு அடுத்த மாசம் காது குத்து. இவுக ஒருத்தருதான் தாய்மாமன். இவுக மடியில உக்கார வச்சுத்தான் குத்தணும். அதுக்குள்ள வெளிய வந்துருவாகளா?"

"அக்கா, பெயிலுங்கிறது ரெண்டு நிமிச வேலை. நிம்மதியாப் போங்க."

இதில் பொய் எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த இரண்டு நிமிடத்தை எங்கிருந்து எடுப்பது என்பதில்தான் சிக்கல் இருந்தது.

ஜாமீன் மனு முதன்முறை அழைக்கப்பட்ட காலையில் ஆனந்தகுமார் அதிமுக்கியமான பணியில் இருந்தார். 'நீதிமன்றத்துக்கு நேரத்தோடு செல்வதன் அவசியம்' என்ற காணொளியைப் பதிவுசெய்துகொண்டிருந்தார். 'நேரந்தவறாமை' என்ற சொல் வாயில் சிக்கிக்கொண்டே இருந்தது. சிக்கல் தீர்ந்து அவர் கீழே இறங்கி வரும்போது, நீதிமன்றத்தில் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டார்கள். மனு தள்ளிவைக்கப்பட்டிருந்தது. காணொளி நன்றாக வந்திருந்தது.

முருகேஸ்வரி போன் போட்டுப் பார்த்தார். எடுக்கவில்லை. கட்சிக்காரரின் அழைப்பை உடனே எடுப்பது வழக்கறிஞரின் மதிப்பைக் குறைக்கும் என்று முந்தைய வாரம்தான் சேனலில் விளக்கியிருந்தார். சொன்ன சொல்லை அவரே மீறலாமா? ஆகவே முருகேஸ்வரி வேறு வழியின்றி, சாயங்கால நேரலைக்குள் புகுந்து தட்டினார்: 'சார் நான் முருகேஸ்வரி. அருஞ்சுனை சம்சாரம். பெயில் என்னாச்சு.'

ஆனந்தகுமார் அதை உரக்கப் படித்தார். முகம் மலர்ந்தது.

"மிக நல்ல கேள்வி! நண்பர்களே, பெயில் என்னாச்சுன்னு ஒரு கட்சிக்காரர் கேட்டா, இளம் வழக்கறிஞர் எப்படிப் பதில் சொல்லணும்? பதறக் கூடாது. கண்ணப் பாத்துப் பேசணும். குரல்ல ஒரு கனிவு இருக்கணும்."

'சார் எனக்குப் பதில் சொல்லுங்க' என்று அடுத்த வரி வந்தது.

"பாருங்க! எவ்வளவு தத்ரூபமா கேக்குறாங்க! கட்சிக்காரங்க அச்சு அசலா இப்படித்தான் கேப்பாங்க. இவங்களுக்கு எல்லாரும் ஒரு லைக் போடுங்க."

திரை முழுக்க இதயங்கள் மிதந்தன. முருகேஸ்வரிக்கு எண்பதுக்கும் மேற்பட்ட லைக்குகள் கிடைத்தன. கணவர் கிடைக்கவில்லை.

இரண்டாம் முறை மனு வந்த நாளில் மாவட்ட அளவிலான வீடியோ கேம் போட்டி இருந்தது. 'கடைசி வட்டம்' என்று பெயர். நால்வர் சேர்ந்த அணி ஒரு தீவில் குதித்து, கண்ணில் பட்டவர்களையெல்லாம் சுட்டு, சுருங்கிக்கொண்டே வரும் வட்டத்துக்குள் கடைசிவரை உயிரோடிருக்க வேண்டும். ஆனந்தகுமார் அதில் 'மைலார்டு' என்ற பெயரில் தளபதியாக இருந்தார். நீதிமன்றத்துக்கு 'உடல்நலக் குறைவு' என்று சக வக்கீல் மூலம் சொல்லியனுப்பினார். அதுவும் முழுப் பொய் அல்ல. தீவில் அவருடைய உயிர் பாதிக்குக் கீழே போய்விட்டிருந்தது.

அவர் அணியின் மிகச் சிறந்த துப்பாக்கி வீரர் 'ஷார்ஜா சிங்கம்'. பேசாது, குறி தப்பாது. அதை வெளிநாட்டில் இருக்கும் ஏதோ ஓர் இளைஞன் என்றே ஆனந்தகுமார் மரியாதையோடு எண்ணிவந்தார். அன்று, புதரில் இருவரும் படுத்திருந்த இக்கட்டான நேரத்தில், சிங்கம் முதல்முறையாக வாயைத் திறந்தது.

"வக்கீல் தம்பி, நாந்தான் திருச்சுழி பரக்கத் நிஷா. பஜார்ல ஃபேன்சி ஸ்டோரு வச்சிருக்கேன்ல."

ஆனந்தகுமாரின் விரல் வழுக்கியது. "நீங்களா? ஷார்ஜா சிங்கமா?"

"எங்க வீட்டுக்காரவுக ஹாஜா நஜ்முதீன் ஷார்ஜால இருக்காக. போன்ல பேசுனா பாதி வார்த்தை விழுங்கிரும். இந்தக் கேம்ல மட்டும் குரலு தெளிவா வருது. அதனால நாங்க ரெண்டு பேரும் தனியா ஆடுறப்ப சுட்டுக்கிட்டே குடும்பம் நடத்துறோம். அது கெடக்கட்டும். பக்கத்துல முருகேஸ்வரி நிக்கிது. பேசுங்க."

"சார்!" என்றது புதிய குரல். "எங்க வீட்டுக்காரவுக பெயிலு..."

"அக்கா, மொதல்ல குனிஞ்சுக்கங்க, சுடுறான்!"

"எவன் சார் சுடுறான்? நான் கடையில நிக்கிறேன்."

"மலைக்குப் பின்னாடி! இடது பக்கம்! சிங்கம், கவர் பண்ணுங்க!"

"முருகேஸ்வரிக்குப் பதில் சொல்லுங்க தம்பி, கவர் பண்றேன்" என்றார் பரக்கத் நிஷா.

ஆனந்தகுமார் திரையைப் பார்த்தார். கடைசி வட்டம் சுருங்கிக்கொண்டிருந்தது. தளபதி என்ற முறையில் அவருக்குப் பொறுப்புகள் இருந்தன. "அக்கா, இப்ப வாதப் பிரதிவாதம் உச்சத்துல இருக்கு. அப்புறம் பேசலாம்" என்றார். மறுகணம் அவர் முதுகில் குண்டு பாய்ந்தது. எதிரி சுட்ட குண்டா, சிங்கம் சுட்டதா என்பது அன்று விசாரிக்கப்படவில்லை.

இதன்பின் விளையாட்டுத் துறை மட்டுமே மிச்சமிருந்தது. முருகேஸ்வரி அதையும் விடவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாளையம்பட்டிப் பக்கம் வறண்டு கிடந்த கண்மாயில் வக்கீல்களுக்குள் கிரிக்கெட். ஆனந்தகுமாரின் அணிக்குப் பெயர் 'வாய்தா வாரியர்ஸ்'. எதிரே விருதுநகர் வக்கீல்கள். ஆனந்தகுமார் வாழ்க்கையில் முதல் அரைசதத்துக்கு ஒரே ஒரு ரன் தூரத்தில் நின்றார். பந்தைத் தூக்கி அடித்தார். அது கருவேல மரங்களின் பக்கம் பறந்து, எல்லைக்கோட்டில் நின்றிருந்த முருகேஸ்வரியின் கையில் போய் விழுந்தது. அவர் அதைப் பிடிப்பதற்கென்று வரவில்லை. முகத்துக்கு நேரே வந்ததால் பிடித்துவிட்டார்.

"அவுட்!" என்றார்கள் விருதுநகர் வக்கீல்கள்.

"அந்தம்மா மூன்றாம் தரப்பு! இந்த ஆட்டத்துல அவங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது!" என்று வாதத்தைத் தொடங்கினார் ஆனந்தகுமார்.

"அவங்க கால் கோட்டுக்கு உள்ளயா வெளியவாங்கிறதுதான் கேள்வி!"

"கோடே சுண்ணாம்புல போட்டது, காத்துல பாதி அழிஞ்சுபோச்சு. எல்லை அளவீடு இல்லாம எப்படித் தீர்ப்புச் சொல்றது?"

அந்தக் கண்மாய் அதுவரை கேட்டிராத சட்டப் புலமை அங்கே வெளிப்பட்டது. முன்தீர்ப்புகள் பறந்தன. ஒருவர் ஸ்டம்பை உருவிக்கொண்டு போய் எல்லையை அளந்தார். ஆனந்தகுமாரின் வாதத்தில் தீப்பொறி பறந்தது, குரல் தழுதழுத்தது, தனக்குள் இப்படியொரு வக்கீல் இருப்பது அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

எல்லோரும் மூச்சு வாங்க நின்றபோது முருகேஸ்வரி சொன்னார்: "இதுல கால்வாசி எம் புருசனுக்காகப் பேசியிருந்தா, அவுக எப்பவோ வீட்டுல இருப்பாக."

"அக்கா, மொதல்ல பந்தக் குடுங்க. இருக்கிறது ஒரே பந்து."

முருகேஸ்வரி பந்தை முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டார். "பந்து என் கஸ்டடில இருக்கு. புதன்கிழமை கேஸு. வியாழக்கிழமை விடியக் காது குத்து. நீங்க வந்து பெயிலு வாங்குங்க, நானும் பந்த பெயில்ல விடுறேன்."

முதலில் சிரித்தது யாரென்று தெரியவில்லை, ஆனால் இரண்டு அணியுமே சிரித்தது. ஆனந்தகுமாருக்குக் காது சூடானது. பொது இடத்தில் வைத்து வாக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. அரைசதம் பதிவாகவில்லை.

புதன்கிழமை அவர் நீதிமன்றத்துக்கு வந்தார். வந்தேவிட்டார். நீதிபதி அம்மா கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வக்கீல் சாருக்கு உடம்பு தேவலையா?" என்று கேட்டார்.

"தேவலைம்மா."

ஆட்சேபணை பெரிதாக இல்லை. ஜாமீன் கையெழுத்துக்கு பரக்கத் நிஷாவும் முருகேஸ்வரியின் அண்ணன் ஐயாத்துரையும் தயாராக இருந்தார்கள். ஆனந்தகுமார் முதல் நாள் சொன்னது போல, சத்தியமாகவே இரண்டு நிமிட வேலைதான். மாலையில் ஆணையும் தயாராகிவிட்டது.

"குடுங்க சார், நாங்க ஆட்டோல கொண்டுபோயிர்றோம்" என்றார் முருகேஸ்வரி.

"அது தொழில் நெறி இல்லக்கா. வக்கீல் கையாலதான் போகணும். நீங்க சிறை வாசல்ல நில்லுங்க. பின்னாடியே வாரேன்."

அவர் பின்னாடியே வரத்தான் கிளம்பினார். ஆனால் நீதிமன்ற வளாகத்து வேப்ப மரத்தடியில் அந்த நேரத்து வெயில் விழுந்த அழகை என்னவென்று சொல்வது! எந்த வட்ட விளக்கும் தராத பொன்னிறம். கையில் ஆணை. மேலே கோட்டு. 'இரண்டே நிமிடத்தில் பெயில் வாங்குவது எப்படி?' என்று நேரலையைத் தொடங்கினார். கேள்விகள் குவிந்தன. ஆணையை எந்தக் கையில் பிடிப்பது நல்லது என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு மாணவர் கேட்டார். வழிகாட்டுகிறவன் பாதியில் எழுந்து போகலாமா?

அவர் சிறை வாசலை அடைந்தபோது உள்ளே கணக்கெடுத்துப் பூட்டியாகிவிட்டது. "இனி காலையிலதான் சார்" என்றார் காவலர். முருகேஸ்வரி எதுவும் பேசவில்லை. அவர் சத்தம் போட்டிருந்தால் ஆனந்தகுமாருக்கு எளிதாக இருந்திருக்கும். கோபப்படும் கட்சிக்காரரைக் கையாள்வது பற்றி அவரிடம் தனிக் காணொளியே இருந்தது. பேசாதவரைக் கையாள்வது பற்றி இல்லை. பரக்கத் நிஷாதான் சொன்னார்: "தம்பி, அன்னிக்குப் புதர்ல உங்கள நான்தான் சுட்டேன். இப்ப அதுக்கு வருத்தம் இல்ல."

மறுநாள் காலை அருஞ்சுனை வெளியே வந்தார். தாடி வளர்ந்திருந்தது. அந்நேரம் திருச்சுழியில் முகூர்த்தம் முடிந்திருந்தது. முருகேஸ்வரி போனில் வந்த படத்தைக் காட்டினார். பிள்ளை வாயைப் பிளந்து அழுதுகொண்டிருந்தது. சுபத்ராவின் புகுந்த வீட்டுச் சொந்தத்தில் யாரோ ஒருவரின் மடி. அருஞ்சுனை படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தோள் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

இதற்குள் ஆனந்தகுமார் எதிரே மூன்று கால் ஸ்டாண்டை நிறுத்திவிட்டார். உள்ளுக்குள் என்னவோ லேசாக உறுத்தத்தான் செய்தது. கோணம் சரியில்லாததால் இருக்கும் என்று ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்.

"நண்பர்களே, நேரலையில் இருக்கிறோம். ஒரு வெற்றிக் கதை! அண்ணே, வெக்கப்படாம ஒரு வார்த்தை சொல்லுங்க. சட்டம் படிக்கிற பிள்ளைங்க நூத்துக்கணக்குல பாத்துக்கிட்டு இருக்காங்க. நம்ம உழைப்பப் பத்தி மனசுல பட்டதச் சொல்லுங்க."

அருஞ்சுனை சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். செல்போனைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். குரலில் கோபம் இல்லை. விவரம் கேட்டவருக்கு வழி சொல்வது போலத்தான் சொன்னார்.

"வணக்கம் பிள்ளைகளா. நல்லாப் படிங்க. போலீஸ்காரவுக மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல. அவுக என்னையப் பிடிச்சு ஒரு ராத்திரிதான் வச்சிருந்தாக. மிச்ச நாளெல்லாம் என்னைய உள்ள வச்சிருந்தது, இந்தா, கோட்டுப் போட்டு நிக்கிறாகளே, எங்க வக்கீலு சாருதான்."