ஸ்டெப்னிக்கு ஞானத்தாய்

ஃபால்ஃபூரியாஸ், டெக்சஸ்
ஜூலை மாதம், வெள்ளிக்கிழமை காலை

அன்புள்ள தங்கை ரெமேதியோஸுக்கு, அக்கா தோமாசா எழுதுவது. மாதாவின் தயவில் என் முழங்காலைத் தவிர இந்த வீட்டில் எல்லோரும் சுகம். உன் வீட்டில் முழங்காலும் சேர்த்து சுகமாக இருக்க வேண்டும்.

முதலில் பிள்ளைகள் விஷயம். மூத்த பேரன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். கப்பலையே காலி பண்ணுவானாம், சாப்பிட்ட தட்டை மட்டும் தூக்கி வைக்க மாட்டான். இதாலியா நர்ஸ் படிப்பை முடித்துவிட்டாள், இப்போது பிரஷர் பார்க்காமல் யாருக்கும் காபி கிடையாது. எல்லோருக்கும் மேலே நம் அரசேலி. மூன்று பீப்பாய்களைச் சுற்றி ஓடும் குதிரைப் பந்தயத்தில் மாவட்டத்துக்கே முதலாவதாக வந்து, ஞாயிற்றுக்கிழமை ஆபிலீனில் மாநிலப் பந்தயம் ஓடப் போகிறாள். அஞ்சாம் வகுப்போடு வெங்காயம் பிடுங்கப் போன எனக்கு இப்படி ஒரு பேத்தி.

இந்த வாரம் அவளுக்குப் பதினைந்து முடிகிறது. அந்த விழாவுக்குக் கேக் செய்துதர ஒரு ஞானத்தாய், கிரீடத்துக்கு ஒருத்தர், செருப்புக்கு ஒருத்தர் என்று நம் வழக்கப்படி ஆள் பிடித்து, கவுனுக்கு இளஞ்சிவப்பு சாட்டின் துணியும் எடுத்துவிட்டேன். அவளோ, “கவுனும் வேணாம், கிரீடமும் வேணாம் பாட்டி. கனேலாவை நல்லபடியா ஆபிலீன் கொண்டுபோய்ச் சேத்தா போதும்” என்கிறாள். கனேலா அவள் குதிரை.

ஆபிலீன் ஒரு பகல் தூரம், வெயிலோ அடுப்பு. குதிரை ட்ரெய்லரை நாங்கள் எப்போதாவதுதான் எடுப்போம், மற்றபடி வாசலில் காய்ந்துகொண்டு நிற்கும். ஆனால் டயர் பட்டன் கொஞ்சமும் தேயவில்லை, நானும் பன்றிக்கொழுப்பு தடவிப் பளபளவென்று வைத்திருந்தேன். எதற்கும் பார்க்கட்டுமே என்று டயர்க்கடை உர்பானோவைக் கூப்பிட்டேன். அவர் டயரைத் தொட்டு விரலை மோந்து பார்த்தார்.

“என்னக்கா, இது டயரா, தமாலேப் பலகாரமா? கொழுப்பு தடவி வச்சிருக்கீங்க.”

துடைத்துப் பார்த்தால் பக்கமெல்லாம் என் குதிகால் மாதிரி வெடிப்பு. அங்கே 3109 என்று ஒரு எண். முதல் இரண்டும் டயர் பிறந்த வாரமாம், அடுத்த இரண்டும் வருஷமாம். விரல் விட்டு எண்ணினேன், அரசேலி பிறந்த அதே வாரம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கூடவே வளர்ந்திருக்கிறதே என்று கண் கலங்கிவிட்டது.

“அழுவாதீங்கக்கா. பொண்ணுக்குப் பதினஞ்சு ஆனா விருந்து. ட்ரெய்லர் டயருக்குப் பதினஞ்சு ஆனா அடக்கம். பட்டனைப் பாத்து நம்பிப் போனீங்க, நடுரோட்டுல வெடிச்சுக் குதிரையும் சேந்து போயிரும்.”

அப்போதுதான் எனக்கு யோசனை வந்தது. செருப்புக்கே ஞானத்தாய் உண்டு என்றால் டயருக்கு ஏன் கூடாது? நாலு சக்கரம், நாலு ஞானப்பெற்றோர். ஒருத்தரும் மறுக்கவில்லை. என்ன வாங்க வேண்டும் என்று சொல்லாமல், “நல்லதா பாத்து வாங்குங்க” என்று மட்டும் நான் சொன்னதுதான் வினையாகிவிட்டது. என் கொழுந்தன் வெள்ளை எழுத்துப் போட்ட டயர் வாங்கி வந்தார், பார்த்தால் அது கார் டயர். கோவில் திருத்தொண்டர் வாங்கியது ட்ரெய்லர் டயர்தான், ஆனால் ஆட்டுக்குட்டி ஏற்றும் அளவுக்குத்தான் பாரம் தாங்குமாம். அழகுநிலையம் லூபிதா ரிப்பன் கட்டிக் கொண்டுவந்தது யாரோ ஓட்டிக் கழித்தது. எதிர்வீட்டுக்காரர் வாங்கியது ஒன்றுதான் சரி.

உர்பானோ நாலையும் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். “இது என்னக்கா, பஞ்சாயத்துக் கூட்டமா? ஆளுக்கொரு உயரம். நாலும் ஒரு வயித்துப் புள்ளைங்களா இருக்கணும். கார் டயரைப் போட்டா, குதிரை கொஞ்சம் ஆடினாலும் பக்கம் மடங்கிரும்.”

“ஆனா என்னுதுதான் அழகு” என்றார் கொழுந்தன்.

“அழகை மட்டும் பாத்திருந்தா உங்களை எவ கட்டியிருப்பா?” என்றாள் லூபிதா.

கடைசியில் உர்பானோவே அந்த மூன்றையும் மாற்றாக எடுத்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் டயருக்கு ஜோடியாக மூன்று மாட்டிவிட்டார். யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு டயரிலும் ஒரு ஞானப்பெற்றோர் பெயரைச் சாக்பீஸால் எழுதினேன். கொழுந்தனுக்கு முன்சக்கரம்தான் வேண்டுமாம், கொடுத்தாயிற்று. சாமியார் தீர்த்தம் தெளித்தார். ஸ்டெப்னி மட்டும் அனாதையாக நின்றது. அதற்கு உன்னை ஞானத்தாயாக வைத்துவிட்டேன், கேட்காமல் செய்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே. சாட்டின் துணியும் வீணாகவில்லை. வெயிலில் நிற்கும்போது டயருக்குப் போர்த்த உறை தைத்துவிட்டேன்.

அரசேலி நேற்றே பயிற்சியாளரோடு போய்விட்டாள். இன்று விடியலில் என் வீட்டுக்காரர் எவாரிஸ்தோவும் மகன் அன்செல்மோவும் ட்ரெய்லரோடு கிளம்பினார்கள். டயர் சூடாகும் முன்னே காற்றளவு பார்க்க வேண்டும் என்பது உர்பானோ உத்தரவு. இவர் டார்ச் பிடிக்க, அவன் காற்றுப் பார்க்க, நான் ஜெபமாலையோடு சுற்றி வர, ஒரு சக்கரத்தையும் விடவில்லை. இப்போதுதான் பெட்ரோல் பங்கிலிருந்து அன்செல்மோ கூப்பிட்டான்.

“நாலையும் தொட்டுப் பாத்தேம்மா, கொழந்தை நெத்தி மாதிரி வெதுவெதுன்னுதான் இருக்கு. புது டயரு என்னமா ஓடுது தெரியுமா? பின்னாடி ஒண்ணு இருக்கறதே தெரியல.”

கேட்டதும் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. நம் பெண் ஜெயிப்பாள், எனக்குச் சந்தேகமே இல்லை. மாதா உன்னையும் உன் பிள்ளைகளையும் தன் போர்வைக்குள் வைத்துக் காப்பாளாக. விழாவில் ஞானப்பெற்றோர் படங்களை வரிசையாக மாட்டப் போகிறேன். என்னிடம் இருக்கும் உன் படத்தில் உனக்கு எல்லாப் பல்லும் இருக்கிறது, பார்க்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.

உன் அக்கா,
தோமாசா

பி.கு.: கடித உறையை ஒட்டப் போகும்போது ஜன்னலில் ஒரு கனைப்பு. கனேலா என் கொத்தமல்லிப் பாத்தியில் நின்று மேய்ந்துகொண்டிருக்கிறது. மகன் ஏற்றியிருப்பான் என்று இவர், அப்பா ஏற்றியிருப்பார் என்று அவன். போன் போட்டுவிட்டேன், திரும்பி வருகிறார்கள். பந்தயம் ஞாயிறுதானே, நேரம் இருக்கிறது. இந்தத் தூரத்தைப் பத்துத் தடவை போய் வந்தாலும் டயர் தாங்கும் என்கிறார் உர்பானோ. எவாரிஸ்தோ தாங்குவாரா என்பது அவர் வாசலில் வந்து இறங்கிய பிறகுதான் தெரியும்.