பூவாத்தாள் இல்லாத வயிறு

காலையில் தின்ற பொங்கல் பொழுது சாயும்போதும் சென்னியப்பனின் மேல்வயிற்றிலேயே உட்கார்ந்திருந்தது. இது ஒரு நாள் கதையல்ல. ஒரு வாரமாக இப்படித்தான்.

மனைவி பூவாத்தாள் கோபித்துக்கொண்டு நெகமத்தில் அண்ணன் வீட்டுக்குப் போயும் அதே ஒரு வாரம். "போற வழி தெரிஞ்சவளுக்குத் திரும்பற வழியும் தெரியும்" என்று அன்றைக்குச் சொல்லிவிட்டார். சொன்ன வாயால் எப்படிக் கூப்பிடுவது? சமையலை வேலைக்காரி நாச்சம்மாள் பார்த்துக்கொண்டாள்.

சித்தூர் டாக்டர் ரத்தினசாமி வயிற்றைத் தட்டிப் பார்த்தார்.

"இரைப்பை தன் இஷ்டத்துக்கு எதையும் தள்ளிவிட முடியாதுங்க. அடுத்தாப்பல இருக்கற சிறுகுடல்தான் எசமான். நெய், எண்ணெய் வந்துதுன்னா, 'பொறு, இதை முடிச்சுக்கறேன்'னு ரத்தத்துல சேதி அனுப்பும். இரைப்பை வேகத்தைக் குறைச்சுக்கும். மாநிலம் பிரிச்சதுக்கப்புறம் கோபாலபுரம் எல்லை செக்போஸ்ட்டுல வண்டிய ஒண்ணொண்ணா உடறாங்க பாருங்க, அந்த மாதிரி. நெய்யை நிறுத்துங்க."

நெய் நின்றது. "ஒரு சொட்டு ஊத்தலைங்க பண்ணாடி" என்று நாச்சம்மாள் கஞ்சி வைத்தாள். வெள்ளை வெளேரென்ற கஞ்சி, நல்ல ருசி. மாலைவரை அது இறங்கவில்லை.

அடுத்த வாரம், "அரிசியையும் விடுங்க. மோர் மட்டும்" என்றார் டாக்டர். மோர் கெட்டியாக இருந்தது. அன்று ஏப்பம்கூட வரவில்லை.

பசி இல்லாவிட்டாலும் சாப்பாட்டு நேரத்துக்கு வட்டிலின் முன் போய் உட்கார்ந்தார். எதிரே வெறும் சுவர். இரண்டாவது அகப்பைக்குக் கை நீட்டும்போதே "போதும், எந்திரிங்க" என்று அதட்ட ஆளில்லை. இருபத்தாறு வருஷமாக அந்தப் 'போதும்' அவருக்கு ஆகாது. இப்போது அதை ஒருதரம் கேட்டால் தேவலை போலிருந்தது. கொடியில் அவள் விட்டுப்போன சேலையை மடிக்க வந்த நாச்சம்மாளை, "இருக்கட்டும், உடு" என்று தடுத்தார்.

மூன்றாம் முறை டாக்டர் கையை விரித்தார். "உங்க சிறுகுடல் ரொம்பப் பிடிவாதமுங்க."

"பிடிவாதத்துக்கு ஊட்டுல ஒருத்தி போதாதுங்களா?"

டாக்டர் சிரிக்கவில்லை. "வேற கைச் சமையல் சாப்பிட்டுப் பாருங்க."

டாக்டர் சொன்னால் அது மருந்து. மருந்துக்கு மானம் பார்க்க முடியுமா? மறுநாள் விடிந்ததும் நெகமம் போகப் பொள்ளாச்சி பஸ்ஸில் ஏறிவிட்டார்.

பூவாத்தாள் வாசலில் கொத்தமல்லி காயவைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் என்னென்னவோ யோசித்து வந்தவருக்கு, "டாக்டர் சொன்னாரு" என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

"என்னன்னுங்க?"

"வேற கை சமைக்கோணுமாம்."

அவள் மேலும் கீழும் பார்த்தாள். "எளைச்சுப் போயிட்டீங்க" என்றாள். உள்ளே போனவள் பெட்டியோடு வெளியே வந்தாள்.

வீடு வந்ததும் அவள் கையால் ரசம் சோறு. பொழுது சாயுமுன்னே பசித்துவிட்டது. மூன்று வாரத்தில் முதல் பசி. அதை அவளிடம் சொல்லவேண்டும் என்று சமையற்கட்டுக்குப் போனவர், உள்ளே நாச்சம்மாளின் குரல் கேட்டு நின்றார்.

"நீங்க சொல்லிட்டுப் போனாப்பலயே பொங்கல்ல நெய்யி, அதை நிறுத்துனதும் கஞ்சியில தேங்காப்பாலு, மோருல வெண்ணெய்னு கரைச்சுக் கரைச்சு ஊத்துனேனுங்க அம்மிணி. நாலே நாள்ல உங்களைக் கூப்புட ஓடியாந்துருவாருன்னீங்க. பண்ணாடி மூணு வாரம் தாங்கிட்டாருங்க."