டாக்னிக்கு ஒரு மலர்வளையம்

பெட்ரோல் நிலையத்தின் பின்பக்கம் காரை நிறுத்திவிட்டு ஸ்டூரே இலவங்கப்பட்டை ரொட்டி தின்றுகொண்டிருந்தார். இந்நேரம் களிமண் வகுப்பு ஆரம்பித்திருக்கும். வகுப்பு நடக்கும் பழைய பள்ளிக்கூடம் இரண்டு தெரு தள்ளித்தான். அந்தப் பக்கம் வண்டியைத் திருப்பக்கூட அவருக்கு மனசில்லை.

போகமாட்டேன் என்று டாக்டரிடம் நேராகவே சொல்லியிருக்கலாம். சொன்னால் வண்டி போய்விடும். வண்டி என்றால் இந்தக் கார் இல்லை, பனி தள்ளும் வண்டி. மீசை முளைத்த காலத்திலிருந்து அவர் ஓட்டிவந்தது. இலையுதிர் காலத்தில் டாக்டரம்மா மல்ம் இவர் கையில் பட்டையைச் சுற்றி, இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, கனரக வண்டிக்குக் கையெழுத்துப் போட முடியாது என்று சொல்லிவிட்டார். மாத்திரை கொடுத்தார். மாத்திரையால் பாதிதான் இறங்கியது.

மீதிக்குத்தான் களிமண். கையும் மனசும் சேர்ந்து எதையாவது புதிதாக உண்டாக்கினால் உடம்பும் தானாக இறங்கி வரும் என்றார் டாக்டர். மாத்திரை மாதிரியே அதையும் எழுதிக் கொடுத்தார்: வியாழக்கிழமைதோறும் களிமண் வகுப்பு, முடிந்ததும் சுகாதார நிலையத்தில் நர்ஸிடம் சோதனை, பனிக்காலம் முடிவதற்குள் எண் இறங்கினால் கையெழுத்து. களிமண்ணை மருந்துக் கடையில் தருவார்களா என்று ஸ்டூரே கேட்டார். டாக்டர் சிரிக்கவில்லை.

அதுவரை வண்டியை நகராட்சி கென்னெட்டிடம் கொடுத்துவிட்டது. கென்னெட், ஸ்டூரேயின் மனைவி குன்வோருக்கு அக்காள் மகன். ரொட்டியில் வெண்ணெய் தடவுகிறவன் மாதிரி பனி தள்ளுவான். காலையில் ஸ்டூரே வீட்டு வாசலை ஆள் உயரத்துக்குப் பனிச்சுவர் வைத்து அடைத்துவிட்டு, மேலே உட்கார்ந்தபடி கை வேறு ஆட்டுவான். அந்தக் கையாட்டலைப் பார்க்கும்போதெல்லாம் ஸ்டூரேயின் தோள் இரண்டும் காதுவரைக்கும் ஏறிக்கொள்ளும். அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்க டாக்டருக்குப் படித்திருக்க வேண்டியதில்லை.

ரொட்டி தின்று முடித்து சுகாதார நிலையத்துக்குப் போனார். நர்ஸ் அன்னெலி பட்டையைச் சுற்றிக்கொண்டே, "ஸ்டூரே, அந்த வகுப்பு..." என்று ஆரம்பித்தாள்.

முடிக்க விட்டால் கேள்வி வரும். ஸ்டூரே முந்திக்கொண்டார்.

"நல்லாவே போச்சு. பொன்டுஸ்னு ஒரு வாத்தியார். ஒல்லியான ஆளு. காதுல கம்மல் போட்டிருக்கான்."

அன்னெலி அவரைப் பார்த்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். வேறு யாரெல்லாம் வந்தார்கள் என்று கேட்டாள்.

ஒரு ஓய்வு பெற்ற பாதிரியார் என்றார் ஸ்டூரே. என்ன செய்யச் சொன்னாலும் அவருக்குச் சாம்பல் கிண்ணம்தான் வரும். அப்புறம் டாக்னி என்று ஒருத்தி. வாய் கொஞ்சம் அதிகம். அவள் செய்த ஜாடி சரிந்து விழுந்ததற்குத் தரை கோணல் என்று வாத்தியாரிடமே சண்டைக்குப் போனாள்.

இத்தனையும் எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. இயந்திரம் உஸ்ஸென்று காற்றை விட்டது. அன்னெலி எண்ணைப் பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள், எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தாள். இருவரும் எண்ணைப் பார்த்தார்கள். போன தடவைக்கு இறங்கியிருந்தது.

ஸ்டூரேக்கு உள்ளுக்குள் சிரிப்பு. ஒரு மனுஷன் காரில் உட்கார்ந்து ரொட்டி தின்கிறான். இதெல்லாம் களிமண்ணின் வேலை என்று இவர்கள் நினைக்கிறார்கள். படித்தவர்களை நம்பக்கூடாது என்று அவர் சும்மா சொல்லவில்லை.

அடுத்த வியாழக்கிழமை அன்னெலி பட்டையைச் சுற்றுவதற்கு முன்னாலேயே கேட்டுவிட்டாள். "டாக்னி அப்புறம் என்ன பண்ணினா?"

ஸ்டூரேயிடம் கைவசம் ஒன்றுமில்லை. பிடரி வியர்த்தது. டாக்னிக்குச் சளி, வரவில்லை என்று சமாளித்தார். எண் கொஞ்சம் ஏறியிருந்தது. அன்னெலி முகத்தைச் சுளித்தாள்.

இனி தயாராகத்தான் வரவேண்டும் என்று முடிவு செய்தார். பெட்ரோல் நிலையத்தின் பின்னால் இருக்கும் நேரம் முழுக்க வேலை நேரமானது. எஞ்சினை அணைத்து, குடுவையிலிருந்து காபியை ஊற்றிக்கொண்டு, கண்ணாடியில் படியும் உறைபனியைப் பார்த்தபடி, அன்றைக்கு வகுப்பில் என்ன நடந்தது என்பதை அவர் உண்டாக்கினார். சூளையில் பாதிரியாருக்கு ஒதுக்கிய தட்டில் டாக்னி தன் ஜாடியைத் திருட்டுத்தனமாக வைத்தாள். அது வெடித்து, பாதிரியாரின் சாம்பல் கிண்ணங்கள் எல்லாம் தூள். பாதிரியார் வாயிலிருந்து வரக்கூடாத வார்த்தை வந்தது. அந்த வார்த்தை எது என்று தேடியே ஒரு குடுவைக் காபி தீர்ந்தது. கிடைத்ததும் ஸ்டூரே சத்தம் போட்டுச் சிரித்தார். பெட்ரோல் நிலையத்துக்காரர் வந்து கண்ணாடியைத் தட்டி, நெஞ்சு வலியா என்று கேட்டுவிட்டுப் போனார்.

உடம்பில் ஏதேதோ நடந்தது. கதை ஓடும்போது தோள் யாரும் சொல்லாமலே கீழே இறங்கியது. எஞ்சின் அணைந்த காரில் கால் விரல்கள் கதகதவென்று இருந்தன. கதை சிக்கிக்கொண்டால் கை சில்லிட்டு நெற்றிப்பொட்டு தெறித்தது. சிக்கல் அவிழ்ந்தால் ஓநாய் மாதிரிப் பசித்தது. நெஞ்செரிச்சல் போன இடம் தெரியவில்லை. இரவு படுத்தால் விடிந்துதான் கண் விழித்தார். புதிதாக வாங்கும் ஊறுகாய் மீன்தான் காரணம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

குன்வோர் அப்படி நினைக்கவில்லை. வியாழக்கிழமையானால் ஷேவ் செய்துகொள்கிறார், பனிச்சுவரை வெட்டும்போது சீட்டியடிக்கிறார், கென்னெட்டுக்குப் பதிலுக்குக் கையாட்டுகிறார். பார்த்துக்கொண்டே இருந்தாள். எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது அவள் வழக்கம். அதைத் தாங்குவதுதான் கஷ்டம்.

இதற்கிடையே அன்னெலி, ஸ்டூரே செய்ததில் ஒன்றைக் கொண்டுவந்து காட்டச் சொன்னாள். அவர் தேவாலயத்தின் பழைய சாமான் கடைக்குப் போய், இருப்பதிலேயே கோணலான பூஜாடி ஒன்றை எடுத்துக்கொண்டார். தான் செய்தது என்று சொன்னால் எப்படிச் செய்தீர்கள் என்று கேட்பாள். ஆகவே, என் ஜாடி வெடித்துவிட்டது, மனசு கஷ்டப்பட்டு டாக்னி தன் ஜாடியை எனக்குக் கொடுத்தாள், உனக்குத்தான் கொண்டுவந்தேன் என்று நீட்டினார். அன்னெலி அதை ஜன்னலோரம் வைத்துப் பேனாக்களைப் போட்டுக்கொண்டாள்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அடுத்த வாரம் பனிப்புயல் அடித்ததால், சோதனைக்கு வெள்ளிக்கிழமை வந்தால் போதும் என்று சொல்ல அன்னெலி வீட்டுக்குப் போன் செய்தாள். எடுத்தது குன்வோர். பேச்சுவாக்கில், ஸ்டூரேக்கு டாக்னி கொடுத்த ஜாடி ரொம்ப அழகு என்றும் சொல்லிவைத்தாள்.

ஸ்டூரே விறகோடு உள்ளே வந்தபோது குன்வோர் காபி மேசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"டாக்னி யாரு?"

"வகுப்புக்கு வர்ற கிழவி. பாவம், விதவை."

விதவை என்ற வார்த்தை எதற்கு வந்தது என்று அவருக்கே புரியவில்லை. கதை என்று வந்துவிட்டால் வாய் தானாகச் சேர்த்துக்கொள்கிறது.

"விதவை உனக்குப் பூஜாடி குடுத்தாளா?"

"எண்பது வயசு இருக்கும் அவளுக்கு."

"எனக்கு நீ கடைசியா என்ன குடுத்த?"

ஸ்டூரே யோசித்தார். "குளிர்கால டயரு."

குன்வோர் அதற்கு மேல் சண்டை போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை டாக்னியைக் காபிக்குக் கூப்பிடு, நானும் பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னாள். டாக்னிக்கு உடம்பு சரியில்லை என்றார் ஸ்டூரே. அப்படியானால் பட்டாணி சூப் செய்து நாமே எடுத்துப் போவோம் என்றாள் அவள். சூப்புக்குப் பட்டாணியை ஊறவும் போட்டுவிட்டாள். தொற்றிக்கொள்ளும் நோய் என்று ஸ்டூரே சொல்ல, சூப்பை வாசலில் வைத்துவிட்டு வருவோம், வீடு எங்கே என்று அவள் கேட்டாள். இதயமும் சரியில்லை, யாரையும் பார்க்கக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று இவர் முடித்தார். சூப்பை இருவருமே குடித்தார்கள்.

வேறு வழியில்லை. அந்த வாரம் பெட்ரோல் நிலையத்தின் பின்னால் ஸ்டூரே டாக்னியைக் கொன்றார்.

ஒரே வரியில் முடிக்கலாம் என்றுதான் நினைத்தார். டாக்னி செத்தாள், அவ்வளவுதான். ஆனால் அவளைத் தனியாகச் சாக விட அவருக்குக் கை வரவில்லை. யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். பாதிரியாரைக் கூட்டிவந்தார். இத்தனை நாள் அவளிடம் திட்டு வாங்கிய பாதிரியார், தான் செய்ததிலேயே ஒழுங்காக வந்த ஒரு சாம்பல் கிண்ணத்தை எடுத்துவந்து அவள் கட்டிலருகே வைத்தார். டாக்னி அதை ஒரு கண்ணால் பார்த்து, "இதுவும் கோணல்தான்" என்றாள். அதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. ஸ்டூரே ரொட்டி சுற்றிய காகிதத்தில் மூக்கைச் சிந்தினார்.

அன்னெலியிடம் சொன்னபோது அவள் அழுதேவிட்டாள். கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர் மல்ம் திரும்பிப் போனார். எண்ணோ இளவட்டப் பையனுடையது மாதிரி இருந்தது. அடுத்த வியாழக்கிழமையும் இப்படியே இருந்தால் கையெழுத்து என்றாள் அன்னெலி.

வீட்டுக்கு வந்த ஸ்டூரே, டாக்னி போய்விட்டாள் என்று குன்வோரிடம் அறிவித்தார். தொல்லை ஒழிந்தது என்றிருந்தது அவருக்கு. குன்வோர் கண்ணைத் துடைத்தாள். பார்க்காத கிழவிமேல் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று ராத்திரி முழுக்கப் புலம்பினாள். காலையில் பார்த்தால் கறுப்பு உடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"அடக்கம் என்னிக்கு?"

"அதெல்லாம் முடிஞ்சுபோச்சு."

இஸ்திரிப் பெட்டி நின்றது. இந்த நாட்டில் செத்தவர்களை யாரும் அவசரப்பட்டுப் புதைப்பதில்லை. தேவாலயத்தில் நாள் வாங்கி, அடக்கம் முடிந்து பரிமாற சாண்ட்விச் கேக்குக்குச் சொல்லி, தெற்கே இருக்கிற பிள்ளைகள் லீவு போட்டு வந்து சேர வாரக்கணக்கில் ஆகும். அது ஸ்டூரேக்கும் தெரியும். சொன்ன பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"நேத்து செத்தவளை நேத்தே புதைச்சாங்களா? என்ன மனுஷா, நீயே குழி வெட்டிப் போட்டியா?"

அவர் தப்பாகக் கேள்விப்பட்டிருக்கலாம் என்று முணுமுணுத்தார். குன்வோர் அதை விடவில்லை. அந்த நர்ஸுக்கு எல்லாம் தெரியும், அவளிடமே கேட்டுக்கொள்கிறேன் என்றாள்.

வியாழக்கிழமை அவள் கறுப்பு உடையில், மடியில் பெரிய மலர்வளையத்தை வைத்துக்கொண்டு காரில் ஏறினாள். ஸ்டூரே ஓட்டினார். உண்மையைச் சொன்னால் பனி தள்ளும் வண்டி போய்விடும். சொல்லாவிட்டால் குன்வோர் போய்விடுவாள். எதிரே அந்த வண்டியிலேயே கென்னெட் வந்தான். மலர்வளையத்தைப் பார்த்ததும் கையாட்டப் போனவன் நிறுத்தி, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்தான். ஸ்டூரேயின் தோள் காதுவரை ஏறியது.

அன்னெலி பட்டையைச் சுற்றினாள். மலர்வளையத்தைக் கண்டு அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. குன்வோர் மரியாதையாகத்தான் கேட்டாள். டாக்னியின் அடக்கம் எந்தத் தேவாலயத்தில், எத்தனை மணிக்கு?

அன்னெலி ஸ்டூரேயைப் பார்த்தாள். ஸ்டூரே சுவரைப் பார்த்தார். சுவரில் உதவிக்கு யாருமில்லை.

"டாக்னின்னு யாரும் இல்ல" என்றார். "பாதிரியாரும் இல்ல, பொன்டுஸும் இல்ல. நான் அந்த வகுப்பு வாசப்படியைக்கூட மிதிக்கல. பெட்ரோல் பங்க் பின்னாடி உக்காந்து எல்லாத்தையும் நானேதான் இட்டுக்கட்டினேன்."

குன்வோர் மலர்வளையத்தை மேசைமேல் வைத்தாள்.

"அப்போ வாரம் முழுக்க நான் அழுதது யாருக்கு?"

"எனக்கும் தெரியல" என்றார் ஸ்டூரே. "நானும் அழுதேன்."

குன்வோர் அவர் தலையில் ஒன்று போடுவாள் போலத்தான் கையைத் தூக்கினாள். தூக்கிய கையால் அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். இயந்திரம் உஸ்ஸென்று அடங்கியது.

டாக்டர் மல்ம் உள்ளே வந்தார். எண்ணைப் பார்த்தார். பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

தான் சொன்னது டாக்டர் காதில் விழவில்லை என்று ஸ்டூரேக்குத் தோன்றியது. ஏமாற்றிக் கையெழுத்து வாங்குகிற ஆள் இல்லை அவர். களிமண்ணைத் தொடவே இல்லை, ஒரு நாள்கூடப் போகவில்லை என்று மறுபடியும் சொன்னார். இந்த வடக்குச் சீமைக்காரர்கள் ஆமாம் என்பதற்குச் செய்வதுபோல டாக்டர் மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தார். பேனாவை ஜன்னலோரத்துக் கோணல் ஜாடியில் போட்டுவிட்டு வெளியே போனார்.

"என்ன இந்தப் பொம்பளை?" என்றார் ஸ்டூரே. "சொன்னது புரியலையா அவங்களுக்கு?"

அன்னெலி பட்டையை அவிழ்த்துச் சுருட்டினாள்.

"அந்த வகுப்பு இந்த வருஷம் ஆரம்பிக்கவே இல்ல ஸ்டூரே, டீச்சரம்மா வழுக்கி விழுந்து கையை ஒடைச்சுக்கிட்டாங்க, மொத வாரமே நான் சொல்ல வந்தேன், ஆனா நீங்க கதை சொல்லச் சொல்ல எண்ணு எறங்குறதைப் பார்த்துட்டு டாக்டர்தான், 'இவர்கிட்ட ஒண்ணும் சொல்லாத, வாராவாரம் அப்புறம் என்ன ஆச்சுன்னு மட்டும் கேளு, அதுதான் இவருக்கு மருந்து'ன்னு எழுதிக் குடுத்தாங்க."