மாப்பிள்ளை கட்டிய ஒயர்

அன்று அந்த ஒயர் அறையில் இருந்தவர்கள்: மாப்பிள்ளை, அவருடைய அண்ணன், ஆபீஸ் மேனேஜர், கணக்கு எழுதும் பெண். அலமாரியிலிருந்து பிடுங்கிய ஒயர்கள் குடல் சரிந்தாற்போல் தரையில் கிடந்தன.

"எது எங்க இருந்துச்சுன்னு குறிச்சு வெச்சீங்களா சார்?" என்றாள் பெண்.

"படிச்சவனுக்கு எதுக்கும்மா குறிப்பு?" என்றார் மாப்பிள்ளை.

பழைய நெட்வொர்க் சுவிட்சை மாற்றி, ஒயர்களை ஒழுங்குபடுத்தினால் மேனேஜர் நாற்காலி அவருக்கு. மாமனாரின் வாக்கு அது. பதவி தராத மாமனாரின் ஆபீஸ் படியை மிதிப்பதில்லை என்று கல்யாணமான நாள் முதல் வீறாப்பாக இருந்தவர், இன்றுதான் முதன்முதலாக வந்திருந்தார். வெளியாளைக் கூப்பிட்டால் குடும்ப மானம் போய்விடுமென்று துணைக்கு வந்த அண்ணனுக்கு ஏணி பிடிக்கத் தெரியும். அதுவும் சுமாராகத்தான்.

மாப்பிள்ளை புது சுவிட்சில் ஒயர்களைக் கண்டபடி செருகினார். நெட் வரவில்லை.

"யார் சார் உங்கள அனுப்பினது?" என்றார் மேனேஜர்.

"யார்கிட்ட பேசறேன்னு தெரியுதா? முதலாளி வீட்டு மாப்பிள்ளை! நாளைக்கு உன் நாற்காலியில நான்தான்!"

"முன்னாடியே சொல்லக்கூடாதா மாப்பிள்ளை சார்!" என்று மேனேஜர் மின்விசிறியை அவர் பக்கம் திருப்பிவைத்தார்.

"தம்பி, அலங்கோலமா கிடந்தா எப்படி ஓடும்? இறுக்கிக் கட்டு" என்றார் அண்ணன்.

மாப்பிள்ளை சடை பின்னுவதுபோல் கட்டினார். பார்க்க லட்சணமாக இருந்தது. தொலைபேசிகளும் செத்தன.

கட்டை அவிழ்க்கப் பொறுமையின்றிக் கத்தரியால் வெட்டினார். கட்டோடு சில ஒயர்களும் போயின. அட்டை காட்டினால் திறக்கும் வாசல் கதவு, மூடியது மூடியபடி நின்றது.

"கதவும் இந்த ஒயர்லதான் சார் ஓடுது" என்றாள் பெண்.

"எங்க வீட்டுக் கதவெல்லாம் கையாலதான் திறக்குது!" என்று அண்ணன் சீறினார்.

வெளியே கூட்டம் கூடிக் கதவைத் தட்டியது.

"என் மாமனார் ஆபீஸ்! நான் என்ன வேணா பண்ணுவேன்!" என்று மாப்பிள்ளை உள்ளிருந்தே கத்தினார்.

கடைசியில் கட்டடக் காவலாளி கடப்பாரையால் கதவை நெம்பித் திறந்தார். அண்ணனுக்குக் கவலை ஒன்றுதான்.

"வெளியில என்னப்பா பேசிக்கறாங்க?" என்று காவலாளியிடம் கேட்டார்.

"மாமனார் ஆபீஸை மாப்பிள்ளையே படுக்க வெச்சுட்டார்னு பேச்சுங்க. சுத்தப் பொய். அந்த ஆபீஸ் மேல்மாடியில ஜோரா ஓடுது. மாப்பிள்ளையை இன்னும் காணோமேன்னு மாமனார் அங்கதான் காத்துக்கிட்டிருக்கார்."